பிங்க் கலர் மிஷினும் அரிசி மூட்டையும்

ஈரோட்டுப் பக்கம் ஒரு வீடு. எட்டு வயதுப் பெண். பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா வெட்டிப் போடும் துண்டுத் துணிகளைப் பொறுக்கி வந்து, கை ஊசியால் தன் பொம்மைக்கு ஏதோ ஒன்றைத் தைத்துக் கொண்டிருப்பாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது சைக்கிள் கேட்கவில்லை, டேப் கேட்கவில்லை. தையல் மிஷின் கேட்டாள். அப்பா நல்ல மனுஷன். அன்று ராத்திரியே போனைத் தட்டி ஆர்டர் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் பெட்டி வந்தது. பிங்க் கலர். பென்சில் பேட்டரி 4. கூடவே ஒரு அடாப்டர், ஒரு குட்டி லைட்டு, காலால் அமுக்க ஒரு சுவிட்ச், நாலு கலர் நூல். பார்க்க அவ்வளவு அழகு.

முதல் பத்து நிமிஷம் வீடே கூடி நின்று பார்த்தது. டிர்ர்ர்ர் என்று ஓடியது. அரை மணி நேரத்தில் துணி அடியில் நூல் பந்தாய்ச் சுருண்டு, ஊசி நகர மாட்டேன் என்று நின்றது. பிரித்தெடுத்து மறுபடி கோர்த்தார்கள். மறுபடி சுருண்டது. நாலு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் அவளே அதைப் பெட்டிக்குள் வைத்து அட்டத்தில் ஏற்றச் சொல்லிவிட்டாள். "எனக்குத் தைக்கவே வரலைப்பா."

பிரச்சினை இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் போனது பெரிய விஷயமில்லை. மிஷின் சரியில்லை என்று அந்தக் குழந்தை சொல்லவில்லை. தனக்கு வரவில்லை என்று சொன்னாள். எட்டு வயதில் ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் தப்பு தன் கையில்தான் என்று குழந்தை நம்பிவிடும். குறைபட்ட மிஷினை விற்றவனும் தப்பித்தான், வாங்கிக் கொடுத்தவரும் தப்பித்தார். பழி மொத்தமும் எட்டு வயதுத் தலையில்!

"குழந்தைதானே, முதலில் இதில் பழகட்டும், பிறகு நல்லது வாங்கலாம்" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தலைகீழ் நியாயம். முப்பது வருஷம் தைத்த கைக்கு மட்டமான மிஷினைக் கொடுத்தால் எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அந்தக் கை சமாளித்துக் கொள்ளும். ஒன்றுமே தெரியாத கைக்குத்தான் சொன்னபடி கேட்கிற மிஷின் வேண்டும். நீச்சல் பழகுகிறவனை யாராவது சுழலில் இறக்கிவிட்டு, தேறினால் பிறகு நல்ல கிணற்றுக்குக் கூட்டிப் போகலாம் என்பார்களா?

அந்தப் பிங்க் சமாச்சாரம் ஏன் தைக்காது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம். தையல் மிஷினில் ஊசி துணிக்குள் இறங்கி, மேலே ஏறத் தொடங்கும் அந்தக் கணத்தில் நூல் லேசாக ஒரு வளையம் விடும். அடியில் சுற்றும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டு போகும். மேல் நூலும் அடி நூலும் பின்னிக் கொள்வது அங்கேதான். ஊசிக்கும் கொக்கிக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடி கனம். இரும்பில் வார்த்த உடம்பு அந்த இடைவெளியை அறுபது வருஷம் ஆனாலும் காப்பாற்றும். ஒரு கிலோகூடத் தேறாத பிளாஸ்டிக் உடம்பு துணி கொஞ்சம் கனமானாலே நெளியும். நெளிந்தால் கொக்கி வளையத்தைத் தவறவிடும், தையல் தாண்டும், தாண்டினால் நூல் சுருளும். இதில் குழந்தை செய்த தப்பு எது?

கால் சுவிட்சின் கதை இன்னும் மோசம். பெரிய மோட்டார் மிஷினில் மெதுவாக அமுக்கினால் மெதுவாக ஓடும், அழுத்தினால் வேகமாக ஓடும். இங்கே அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும், அவ்வளவே. காலிங் பெல் மாதிரி! பெரும்பாலானவற்றில் பின்னோக்கித் தைக்கும் வசதி கிடையாது, தையலின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே தைத்த தையலின் இரண்டு முனையும் பிரிந்தபடியே தொங்கும்.

இதற்கும் கீழே ஒரு ரகம் உண்டு. ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்து அமுக்கித் தைப்பது. அதற்குப் பாபினே கிடையாது, ஒற்றை நூல்தான். ஒற்றை நூலில் போடுவது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சரியான முனையைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் சரசரவென்று மொத்தமும் கழன்று வரும். மூட்டைக்கு அது வரம், பிரிப்பதற்கென்றே போட்ட தையல். ஒரு குழந்தை பொம்மைச் சட்டை தைத்து முடித்து, தொங்கும் நூலை ஆசையாக இழுக்கும்போது சட்டை இரண்டு துண்டாகக் கையோடு வந்தால் அது வரமா?

சங்கிலித் தையல் என்றாலே மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். பிரான்ஸ்காரர் திமோனியே 1830ல் காப்புரிமை வாங்கிய மிஷின் போட்டதும் அதே தையல்தான். ராணுவச் சீருடை தைத்தார்கள் அதில். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் புகுந்து மிஷின்களை அடித்து நொறுக்கும் அளவுக்கு அது வேலை செய்தது. சிங்கர் கம்பெனி 1910 வாக்கில் குழந்தைகளுக்கென்றே ஒரு குட்டி மிஷின் விட்டது. 20ஆம் நம்பர் மாடல். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, கையால் சுற்றுவது, சங்கிலித் தையல், ஆனால் வார்ப்பிரும்பு உடம்பு. நூறு வருஷம் கழித்தும் தைக்கிறது என்று வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதாவது, சிறியதாகச் செய்ய முடியாது என்பதில்லை. செய்ய மனமில்லை!

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இந்தக் குட்டி மிஷினின் பெட்டியில் குழந்தை படம் இருக்கும், குழந்தைக்குப் பிடித்த கலர் இருக்கும். முத்திரை எங்கே என்று கேட்டால் "இது பொம்மை இல்லீங்க, வீட்டு உபயோக மிஷின்" என்று பதில் வரும். நல்லது. வீட்டு உபயோக மிஷின் என்றால் ஜீன்ஸ் துணியை இரண்டாக மடித்து ஒரு கோடு தைத்துக் காட்டு என்றால், "இது சும்மா குழந்தைகளுக்குங்க" என்று வரும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் அய்யா.

வணிகவியல் படிக்கிற எந்தப் பிள்ளையும் முதல் வருஷத்தில் தேய்மானக் கணக்கு போட்டிருக்கும். அதை இங்கே போட்டுப் பார்ப்போம். பிளாஸ்டிக் மிஷின் 1500 ரூபாய், ஆயுள் மூன்று மாதம், எஞ்சிய மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக் கொண்டால் மாதம் 500 ரூபாய் தேய்மானம். (மூன்று மாதம் என்பதே தாராளம்.) பழைய கறுப்பு மிஷின் ஒன்றை 3500க்கு வாங்கி, ஐந்து வருஷம் ஓட்டி, 2500க்கு விற்றால் 60 மாதத்துக்கு 1000 ரூபாய். மாதம் 17 ரூபாய்கூட ஆகவில்லை. எது விலை மலிவு?

ஆக, குழந்தையின் முதல் மிஷின் என்பது கை மிஷினாக இருக்க வேண்டும். பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. உஷா, சிங்கர், மெரிட் என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும் சரி. லூதியானாவில் வார்த்த, பெயர் தெரியாத கறுப்பு மிஷின் ஆனாலும் சரி. உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே அமைப்பு, சிங்கரின் 15ஆம் ரகத்தைப் பார்த்துச் செய்தவை. ஊசி உடைந்தால் தெருமுனைக் கடையில் 14 நம்பர் ஊசி கிடைக்கும். பாபின் தொலைந்தால் சில்லறைக் காசு. பாபின் கேஸ், பெல்ட், ஸ்பிரிங் எல்லாம் எந்தச் சின்ன ஊரிலும் உண்டு. பிங்க் மிஷினுக்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று விற்றவனுக்கே தெரியாது.

கை மிஷினின் பெரிய குணம் அதன் மந்தம். குழந்தையின் கை எவ்வளவு வேகம் சுற்றுகிறதோ அவ்வளவுதான் ஓடும். ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்று தையல். கை நின்றால் ஊசி நிற்கும். ஒவ்வொரு தையலும் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். வளைவு வந்தால் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் வைத்தபடி ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பலாம். பத்து கிலோவுக்கு மேல் கனம், அதனால் தைக்கும்போது மேஜையில் நடந்து போகாது. மேஜைகூட வேண்டாம். பாய் விரித்துத் தரையில் வைத்தால் சம்மணம் போட்ட குழந்தைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். குறையும் ஒன்று உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஒரு கை சுற்றப் போய்விடுவதால் துணியைப் பிடிக்க இடது கை மட்டும்தான் மிஞ்சும். நீளத் துணி என்றால் திணறும். ஆனால் எட்டு வயதில் புடவைக்கு ஃபால்ஸா வைக்கப் போகிறார்கள்?

"விரலில் ஊசி ஏறிவிட்டால்?" என்று அம்மாக்கள் கேட்பது நியாயம்தான். ஏறும். தையல் கடையில் யாரிடம் கேட்டாலும் விரலைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். ஆனால் எந்த மிஷினில் ஏறும் என்பதைப் பார்க்க வேண்டும். மோட்டார் மிஷினில் இரண்டு கையும் ஊசிப் பக்கம் இருக்கும், கால் பயந்து போய் இன்னும் அழுத்தும். கை மிஷினில் வலது கை கைப்பிடியில் மாட்டிக் கொண்டிருக்கிறது. இடது விரல் ஊசிக்கு அடியில் போனால் சுற்றுகிற கை தானாக நிற்கும். இரண்டும் ஒரே ஆளின் கை அல்லவா! உண்மையில் பயப்பட வேண்டியது கால் மிஷினின் பெரிய சக்கரத்தைப் பார்த்துத்தான். அக்கா தைத்துக் கொண்டிருக்கும்போது தவழ்ந்து வரும் தம்பியின் விரல் அந்தக் கம்பிகளுக்குள் போகும். பாவாடை நுனி பெல்ட்டில் மாட்டும். கால் எட்டாத குழந்தையை ஸ்டூலின் நுனியில் உட்கார வைத்துப் பெடல் மிதிக்கச் சொல்வதும் வீண், சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்து கொண்டே இருக்கும். பத்து வயது தாண்டி, பாதம் முழுதாகப் பெடலில் பதியும்போது கால் மிஷின் பக்கம் போகட்டும்.

வசதி உள்ள வீடுகளில் வேறு தப்பு நடக்கிறது. "வாங்குவதுதான் வாங்குகிறோம், நல்லதாக வாங்குவோம்" என்று இருபது முப்பது டிசைன் போடும் வெள்ளை மிஷினை இறக்கி விடுகிறார்கள். மிஷினில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை முதல் நாள் எல்லா டிசைனையும் ஒரு கைக்குட்டையில் போட்டுப் பார்க்கும். இரண்டாம் நாள் போட ஒன்றும் மிச்சமிருக்காது. நேராக ஒரு கோடு தைக்கப் பழகவில்லை, பூ மட்டும் தைத்தாயிற்று. இருபதாயிரம் ரூபாய் மிஷினைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு "அதைத் தொடாதே, இதைத் திருகாதே" என்று பின்னாலேயே நிற்கும் அப்பாவையும் பார்க்க வேண்டுமே... பாவமாக இருக்கும்.

இதெல்லாம் வாங்க நினைப்பவர்களைப் பற்றி. வாங்கவே மாட்டேன் என்பவர்கள்தான் அதிகம். காரணம் கேட்டால் "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு" என்பார்கள். அடியில் இருக்கும் காரணம் அது இல்லை.

தமிழ்ப் படங்களை நினைத்துப் பாருங்கள். அப்பா செத்துப் போவார். அடுத்த காட்சியில் அம்மா வெள்ளைப் புடவையில் தையல் மிஷின் மிதித்துக் கொண்டிருப்பார். சக்கரம் சுற்றும், சுற்றும்போதே பையன் வளர்ந்து போலீஸ் அதிகாரி ஆகிவிடுவான். அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் யாருக்கு மிஷின் கொடுக்கிறார்கள்? கணவனை இழந்தவர்களுக்கு, கைவிடப்பட்டவர்களுக்கு, மாற்றுத் திறனாளிகளுக்கு, ஏழைப் பெண்களுக்கு. நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து ஊருக்குள் ஒரு எண்ணத்தை ஊன்றி விட்டன. தையல் மிஷின் என்றால் கஷ்டகாலம். எல்லாம் போன பிறகு வீட்டுக்கு வரும் பொருள். எட்டு வயதுப் பெண் அதைக் கேட்கும்போது பாட்டிகள் பதறுவது அதனால்தான். "வாயைக் கழுவு, நல்ல நாளும் அதுவுமா" என்று அதட்டியவர்களும் உண்டு.

அதே வீட்டில் கீபோர்டு கேட்டால் வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டில் வாத்தியம் வந்தால் பிச்சை எடுக்க வேண்டி வரும் என்று எந்தப் பாட்டியும் பயப்படுவதில்லை. அது கலை. இது பிழைப்பு. பிழைப்பைக் குழந்தை விளையாட்டாகத் தொடுவதுகூட நம் வீடுகளுக்குப் பிடிக்காது. விளையாடட்டும் என்றால் அதற்குத்தான் பிளாஸ்டிக்கில், பிங்க்கில், தைக்காததாக ஒன்று வேண்டும். பொம்மையை வாங்குவதற்கும் உண்மையான மிஷினை மறுப்பதற்கும் பின்னால் இருப்பது ஒரே கூச்சம்தான்.

திருப்பூரைக் காட்டி ஒரு எதிர்வாதம் வரும். குழந்தைகள் தையல் மிஷின் முன் உட்கார்ந்த கொடுமையைப் பார்த்த மாவட்டத்தில் இப்படி எழுதலாமா என்று. எழுதலாம். 1986ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016ல் திருத்தப்பட்டு, 14 வயதுக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றானது. நல்லது. கூலிக்காகப் பத்து மணி நேரம் காலர் தைப்பது வேறு, தன் பொம்மைக்குத் தானே சட்டை தைப்பது வேறு. சமையல் கற்கும் குழந்தையை ஓட்டல் தொழிலாளி என்று யாரும் சொல்வதில்லை.

பையன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தக் கடைவீதியிலும் ஜென்ட்ஸ் டெய்லர் கடையில் மிஷின் மிதிப்பவர் ஆண்தான். ஆனால் வீட்டில் மட்டும் தையல் பெண்பிள்ளை வேலை! தன் பேன்ட் பட்டனைத் தைக்கத் தெரியாமல் காலேஜ் ஹாஸ்டலில் சேஃப்டி பின் குத்தித் திரிகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் வெட்கக்கேடு. மிஷினைப் பிங்க்கில் விற்பது பாதிப் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை. கறுப்பு இரும்புக்கு அந்த வியாதி இல்லை. சக்கரமும் கொக்கியும் எண்ணெய்த் துளையும் உள்ள ஒரு எந்திரத்தைப் பையனிடம் கொடுத்துப் பாருங்கள், தைக்கிறானோ இல்லையோ கழற்றிப் பார்ப்பான்.

எந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே 1924ல் சிங்கர் மிஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் உண்டாக்கியது என்பது அவர் சொன்ன காரணம். (சிங்கர் அப்படியொன்றும் ஏகபத்தினி விரதர் இல்லை. ஊருக்கு ஒரு குடும்பம் வைத்திருந்த மனுஷன். அது காந்திக்குத் தெரிந்திருக்காது போலும்.) ஒரு தொகையாகப் பணம் கொடுத்து வாங்க முடியாத வீடுகளுக்கு 1850களிலேயே தவணை முறையில் மிஷின் விற்றதும் அந்தக் கம்பெனிதான். இன்று வணிகவியல் மாணவர்கள் தலையைப் பிய்த்துக் கொள்ளும் தவணைக் கணக்குகளுக்கு ஒரு மூலம் அங்கே இருக்கிறது!

பழைய மிஷின் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும், ஒரு இடத்தில் கனத்து ஒரு இடத்தில் வழுக்கக் கூடாது. மொத்தமாகவே இறுகிக் கிடந்தால் பயப்படாதீர்கள். யாரோ புண்ணியவான் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார், அது பிசினாகி இருக்கும். கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டித் துடைத்து, மிஷின் ஆயில் போட்டால் பெரும்பாலும் இளகிவிடும். ஊசி இறங்கும் தகட்டின் ஓட்டை ஓரத்தில் ஊசி குத்திய காயங்கள் இருந்தால் நூல் அறும், தகட்டை மாற்ற வேண்டும். துணியை நகர்த்தும் பல் மழுங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கைப்பிடி மாட்ட வேண்டுமென்றால் சக்கரத்தில் கம்பி விட்ட இடைவெளி இருக்க வேண்டும், தட்டையான முழுச் சக்கரத்தில் கைப்பிடியின் நாக்கு பிடிக்காது. தூணின் பின்பக்கம் திருகு போடும் துளையும் வேண்டும். கடைசியாக, வெள்ளைத் துணியில், மேலே ஒரு கலர் அடியில் ஒரு கலர் நூல் போட்டு ஒரு சாண் தைக்கச் சொல்லுங்கள். மேல் நூலின் கலர் அடியில் எட்டிப் பார்த்தால் டென்ஷன் கோளாறு, அங்கேயே சரிசெய்யச் சொல்லலாம்.

பல வீடுகளில் வாங்கவே வேண்டாம். பாட்டியின் கால் மிஷின் மூலையில் நிற்கும். மேலே துவைத்த துணியும் கரண்ட் பில் நோட்டும் குவிந்து கிடக்கும். அதன் தலையை மட்டும் கழற்றி ஒரு மரப்பெட்டி அடியில் உட்கார வைத்து, சில நூறு ரூபாய்க்குக் கைப்பிடி மாட்டினால் முடிந்தது வேலை.

ஈரோட்டு வீட்டில் கடைசியில் அதுதான் நடந்தது. லீவுக்கு வந்த அம்மாயி அட்டத்திலிருந்த பெட்டியை இறக்கிப் பார்த்தார். "எனக்கு மட்டும் ஏன் அம்மாயி நூல் சிக்கிக்கிட்டே இருக்குது?" என்று கேட்ட பேத்தியிடம், "உன் கையில ஒண்ணும் தப்பில்ல சாமி, இது மிஷினே இல்ல" என்றார். அடுத்த வாரமே தன் பழைய கறுப்பு மிஷினின் தலையைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். முதல் நாள் நூலே கோர்க்க விடவில்லை. மழுங்கின ஊசியை மாட்டி, கோடு போட்ட நோட்டுத் தாளைக் கொடுத்து, கோட்டின் மேலேயே ஓட்டை விழும்படி சுற்றச் சொன்னார்கள். மூன்று நாள் தாள். பிறகு காடாத் துணி.

2021ல் அரசு மீண்டும் மஞ்சப்பை என்று ஆரம்பித்ததிலிருந்து அந்த ஊர்க் கடையில் மஞ்சள் துணி தாராளமாகக் கிடைக்கிறது. நாலு நேர்க்கோடு, இரண்டு காது, வளைவே கிடையாது. முதல் பை கொஞ்சம் கோணல். ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. அம்மாயி அதைத்தான் சந்தைக்கு எடுத்துப் போனார். இரண்டு கிலோ தக்காளியும் ஒரு கிலோ சின்ன வெங்காயமும் வாங்கி வந்தார். பை ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்கியது. தையல் பிரியவில்லை.